ஃபார்முலா கார் பந்தயத்தில் மாஸ்டர்ஸ் வகுப்பு: கோப்பை தனி, கிரிட் ஒன்றுதான்

கேள்வி இது: ஒரே வகைக் கார்கள் ஓடும் கிளப் அளவிலான ஃபார்முலா பந்தயம், அதாவது சக்கரம் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்கள், எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரி. கிரிட்டில், அதாவது ஸ்டார்ட் வரிசையில், 18 கார்கள். முன்னால் கார்ட்டிங்கிலிருந்து வந்த 16, 17 வயதுப் பையன்கள். பின்னால் 45, 50 தாண்டிய ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரில் இருவர் அடுத்த சீசனுக்கு வரவில்லை என்கிறார்கள். அவர்களுக்கென்று மாஸ்டர்ஸ் வகுப்பு தொடங்கலாமா, எப்படித் தொடங்குவது?

தொடங்கலாம். ஆனால் மாஸ்டர்ஸ் என்றதும் பலர் மனதில் வருவது தனிப் பந்தயம், இல்லாவிட்டால் கொஞ்சம் சாதுவாக்கிய கார். இரண்டும் வேண்டாம். ஆறு பேரைத் தனியாகப் பிரித்து ஓடவிட்டால் மூன்றாவது லேப்பிலேயே ஆளுக்கொரு மூலையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மீதி 12 காரின் கிரிட்டும் மெலிந்துபோகும். காரை மாற்றினால் உதிரிபாகங்கள் இரண்டு வகை, சோதனை இரண்டு வகை, விற்கும்போது வாங்க ஆளும் குறைவு. அதே கார், அதே கிரிட், அதே ஸ்டார்ட், அதே கொடி. முடிவுப் பட்டியலில் மட்டும் கூடுதலாக ஒரு வரிசை எண், மேடையில் கூடுதலாக ஒரு கோப்பை. மாஸ்டர்ஸ் வகுப்பு என்பது இவ்வளவுதான். மிச்ச வேலையெல்லாம் வயதானவர்களை உண்மையில் தடுப்பது எது என்று பார்த்துச் சரிசெய்வது. அதில் பெரும்பாலானவை வயதோடு சேர்ந்தே வந்தாலும் வயதின் கோளாறு இல்லை.

வயதானால் வேகம் போய்விடும் என்பதை முதலில் ஒதுக்கிவைப்போம். ஃபார்முலா 1 வீரர் ஃபான்ஜியோ 1957-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஜெயித்து ஐந்தாவது முறையாக உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு 46 வயது. 1951-இல் பிரான்ஸின் ரெம்ஸ் பந்தயத்தில் அவரோடு காரைப் பகிர்ந்து வென்ற லூயிஜி ஃபாஜியோலிக்கு 53. அமெச்சூர் பந்தயத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் நடிகர் பால் நியூமன். அமெரிக்காவின் எஸ்சிசிஏ அமைப்பின் தேசியப் பட்டத்தை அவர் நான்கு முறை வென்றார், கடைசிப் பட்டம் 1986-இல், 61 வயதில். அது மூடிய கார்தான், ஃபார்முலா கார் இல்லை. ஆனாலும் கண், கை, கால் எல்லாம் வேலை செய்யத்தானே வேண்டும்?

பையன்கள் அவர்களை முந்துவதற்குப் பெரிய காரணம் ஓட்டிய மணிநேரம். பையன் எட்டு வயதிலிருந்து வாரக்கடைசிதோறும் கார்ட் ஓட்டியவன், வியாழக்கிழமையே டிராக்குக்கு வந்துவிடுகிறவன். ஐம்பது வயதுக்காரர் வெள்ளி இரவு கடையை மூடிவிட்டு வருகிறவர். பையனிடம் நேரம் இருக்கிறது, பணம் இல்லை. பெரியவரிடம் பணம் இருக்கிறது, நேரம் இல்லை. விதி எழுதும்போது இந்த ஒரு வரியை மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் கோடு போடுவது? கார்ட்டிங்கில் ரோட்டாக்ஸ் மேக்ஸ் டிடி2 மாஸ்டர்ஸ் என்ற வகுப்பு 32 வயதிலேயே தொடங்குகிறது. குழந்தைகள் எட்டு வயதில் வரும் விளையாட்டில் 32 முதுமைதான். ஃபார்முலா காருக்கு அது ஒத்துவராது. 40 என்று வைத்தால் பதினைந்து இருபது ஆண்டுகளாக விடாமல் ஓட்டும் கைதேர்ந்தவர்கள் உள்ளே வந்து, நீங்கள் யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர்களை மறுபடி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். 50 என்றால் ஆள் சேராது. என் பரிந்துரை 45. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் மருத்துவ விதியில் சர்வதேச உரிமம் வைத்திருப்பவர் 45 வயதைத் தாண்டினால் இரண்டாண்டுக்கு ஒருமுறை டிரெட்மில் போன்ற உழைப்பு ஈசிஜி எடுக்க வேண்டும். கிளப் பந்தயத்துக்கு அது அப்படியே பொருந்தாவிட்டாலும், வகுப்பின் கோடும் மருத்துவக் கோடும் ஒரே வயதில் விழுந்தால் அலுவலகத்தில் பாதிக் குழப்பம் தீரும். வயதைக் கணக்கிடும் நாள் அந்த ஆண்டின் டிசம்பர் 31. பிறந்தநாள் சீசன் நடுவில் வருகிறது, மூன்றாம் சுற்றிலிருந்து சேரலாமா என்ற கேள்விக்கே இடம் வராது.

ஆனால் என் 45-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த இரண்டு சீசனின் நுழைவுப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். கிரிட்டில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எந்த வயதுக்கு மேல் வருகிறது என்று பாருங்கள். 18 காரில் ஐந்தாறு பேர். அதற்குக் குறைந்தால் வகுப்பு நிற்காது. ஒரு பந்தயத்தில் குறைந்தது நால்வர் ஸ்டார்ட் எடுத்தால்தான் அந்தப் பந்தயத்துக்கு மாஸ்டர்ஸ் புள்ளி என்று எழுதிவிடுங்கள்.

புள்ளி முறையில்தான் நிறைய கிளப்புகள் சறுக்குகின்றன. பொது வகுப்பின் புள்ளி அட்டவணையையே மாஸ்டர்ஸுக்கும் போட்டுவிடுகிறார்கள். நால்வர் ஓடும் வகுப்பில் கடைசியாக வருபவருக்கும் பெரிய புள்ளி கிடைக்கும். சீசன் முடிவில் யார் எல்லாச் சுற்றுக்கும் வந்தாரோ அவர் சாம்பியன், அதாவது வருகைப் பதிவேட்டுக்குக் கோப்பை. இதற்குப் பதிலாக, ஸ்டார்ட் எடுத்தவர் எண்ணிக்கையை வைத்துப் புள்ளி கொடுங்கள். ஐந்து பேர் ஓடினால் முதலிடத்துக்கு 6, பிறகு 4, 3, 2, 1. ஏழு பேர் என்றால் 8, 6, 5, 4, 3, 2, 1. அதாவது எத்தனை பேரோ அதைவிட ஒன்று கூடுதலாக முதலாமவருக்கு, இரண்டாமவருக்கு மொத்தத்தில் ஒன்று குறைவாக, அங்கிருந்து ஒவ்வொன்றாக இறக்கம். ஆள் அதிகம் வந்த பந்தயத்தில் ஜெயித்ததற்கு மதிப்பு அதிகம், நியாயமும் அதுதான். ஒட்டுமொத்தத்தில் முதலாவதாக வந்தவர் ஓடிய லேப்பில் 75 சதவீதம் முடித்தவருக்கு மட்டும் புள்ளி. எட்டுப் பந்தயச் சீசனில் மோசமான இரண்டைக் கழித்துக்கொள்ளலாம். தொழில், கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது ஒரு வாரம் போகத்தான் செய்யும்.

மாஸ்டர்ஸ் ஆள் ஒட்டுமொத்தத்தில் ஏழாவதாக வந்தால் அந்த ஏழாம் இடத்துப் புள்ளியும் அவருக்கே. மாஸ்டர்ஸில் பெயர் கொடுத்தால் பொதுப் புள்ளி கிடையாது என்று சில இடங்களில் எழுதுவார்கள். அது அவர்களை ஓரங்கட்டுகிற வேலை. பையன்களுக்கும் தொந்தரவு: பந்தயத்தில் எட்டாவதாக வந்தவன் புள்ளியில் ஏழாவதாக மாறுவான், அப்பாக்கள் கால்குலேட்டரோடு வந்து நிற்பார்கள்.

அடுத்து, இந்த வகுப்பைக் கெடுக்கப்போகும் ஆள். பழைய தேசிய சாம்பியன் ஒருவருக்கு 46 வயதாகும். பத்து வருடம் கழித்துத் திரும்பி வருவார், அல்லது விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருப்பார். ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்து மாஸ்டர்ஸ் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போவார். மற்ற ஐவரும் அடுத்த முறை வரமாட்டார்கள். இதற்கு லேப் நேரத்தில் வரம்பு கட்டலாம், அதைவிட வேகமாகப் போனால் வகுப்பிலிருந்து நீக்கம் என்று ஒரு யோசனை எப்போதும் எழும். ஒத்துக்கொள்ளாதீர்கள். நேரத்துக்கு வரம்பு வைத்த நாளிலிருந்து ஆட்கள் கடைசி வளைவில் வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். பின்னால் வருகிறவனுக்கு அது ஆபத்து. மெதுவாக ஓட்டுவதற்குப் பரிசு கொடுக்கும் பந்தயம் பந்தயமா? எளிய விதி போதும்: கடந்த ஐந்து ஆண்டில் தேசியப் போட்டியின் ஃபார்முலா வகுப்பு எதிலும் ஆண்டு முடிவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவருக்கு மாஸ்டர்ஸ் புள்ளி இல்லை. கிரிட்டில் தாராளமாக ஓடலாம். பழைய முடிவுப் பட்டியலைப் பார்த்தாலே தீர்ந்துபோகும் விஷயம், யாரும் வாதாட முடியாது.

இனி எடை. எனக்குக் கேட்டால் வயதைவிடப் பெரிய பிரச்சினை இதுதான். குறைந்தபட்ச எடை டிரைவரோடு சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கார் மட்டும் 430 கிலோ, விதியின் குறைந்தபட்சம் டிரைவரோடு 515 கிலோ. பையன் 58 கிலோ. ஹெல்மெட், சூட், ஷூ, கழுத்துப் பாதுகாப்பு எல்லாம் சேர்த்து 6 கிலோ. மொத்தம் 494. அவன் 21 கிலோ ஈயத்தை வேண்டிய இடத்தில், தரையோடு தரையாகப் பொருத்திக்கொள்கிறான். பெரியவர் 92 கிலோ, உடுப்பு 6. மொத்தம் 528. வரம்பைவிட 13 கிலோ அதிகம், இரண்டரை சதவீதம். 1300 சிசி எஞ்ஜின் வைத்த காரில் அது வளைவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் தெரியும். தோராயமாக, ஒரு நிமிட லேப்புக்கு விநாடியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. 12 லேப்புக்கு மூன்று நான்கு விநாடி. அதற்குமேல், பையனின் ஈயம் தரையில் இருக்கிறது. பெரியவரின் எடை நெஞ்சிலும் தோளிலும் தலையிலும் இருக்கிறது. புவியீர்ப்பு மையம் மேலே போய்விடுகிறது.

எல்லாருக்கும் குறைந்தபட்சத்தை 530 ஆக்கிவிட்டால் என்ன? 58 கிலோ பையன் 36 கிலோ ஈயம் சுமக்க வேண்டும். பிரேக் பேட் சீக்கிரம் தேயும், மோதலில் அந்த ஈயம் பிய்த்துக்கொண்டு வந்தால் பேராபத்து. ஆகவே ஒரே கார் ஒரே விதி என்பதற்கு ஒரே ஒரு விலக்கு வைக்கலாம்: மாஸ்டர்ஸில் பெயர் கொடுத்தவருக்கு மட்டும் குறைந்தபட்ச எடை 15 கிலோ கூடுதல், இந்தக் கணக்கில் 530. நம் 92 கிலோக்காரர் 2 கிலோ சேர்த்தால் போதும். அதே வகுப்பில் 74 கிலோ எடையுள்ள ஒல்லியான ஐம்பது வயதுக்காரர் 20 கிலோ ஏற்ற வேண்டும். வகுப்புக்குள் எடை சமமாகிவிடும். ஒட்டுமொத்தப் பட்டியலில் அவருக்கு அது இழப்புதான். அந்த இடம் முக்கியம் என்று நினைப்பவர் மாஸ்டர்ஸில் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. கார்ட்டிங்கின் மூத்தோர் வகுப்புகளிலும் இப்படி எடை கூட்டும் பழக்கம் உண்டு.

பேலஸ்ட்டை, அதாவது சேர்க்கும் ஈய எடையை, எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதைச் சோதனையில் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு தகடு 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். தகட்டுக்கு இரண்டு எம்10 போல்ட், 8.8 தரம், அடியில் அகல வாஷர், மேலே நைலாக் நட். சட்டக் குழாயோடு வெல்டிங் செய்த தாங்கியில்தான் பொருத்த வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தரைத்தகட்டில் நேராக ஓட்டை போட்டு மாட்டினால் முதல் மோதலிலேயே போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சீட்டுக்கு அடியில் செருகி வைப்பது, ஜிப் டை, டேப் எல்லாம் நேரடி நிராகரிப்பு. ஒவ்வொரு தகட்டிலும் எடையைப் பொறித்து, போல்ட் தலையில் சீல் கம்பி.

வாடகைக் காரில் ஓட்டும் பெரியவர்களுக்கு இன்னொரு அநியாயம் நடக்கிறது. டீம் அந்தக் காரைப் போன வாரம் ஓட்டிய பையனுக்கு ஏற்ப செட் செய்திருக்கும். 92 கிலோ ஆள் உட்கார்ந்ததும் தரை உயரம் சில மில்லிமீட்டர் இறங்கும், கார் மேடு பள்ளத்தில் அடிவாங்கும், எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் தாங்கும் குறுக்கு எடை கலைந்து ஒரு பக்க வளைவில் ஒருமாதிரி, மறுபக்கம் வேறுமாதிரி நடக்கும். அவர் வெளியே வந்து, "நமக்கு வயசாயிடுச்சு தம்பி" என்பார். வயசு இல்லை, தரை உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் புஷ்ராட் கம்பி! நான்கு சக்கர எடைத் தராசில் காரை ஏற்றி, அவரை முழு உடுப்போடு உட்காரவைத்து, பந்தயம் முடியும்போது இருக்கும் அளவுக்குப் பெட்ரோல் ஊற்றி, தரை உயரத்தை மீட்டு, குறுக்கு எடையை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆகும். மாஸ்டர்ஸ் வகுப்புக்குக் கார் வாடகைக்குக் கொடுக்கும் டீம் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சீட்டும் அப்படித்தான். மெலிந்த பையனின் உடம்புக்கேற்ப வார்த்து ஊற்றிய சீட்டில் ஸ்பாஞ்சு வைத்து உட்கார்ந்தால் இடுப்பு ஆடும். ஆடுகிற இடுப்பைக் கை தாங்கிப் பிடிக்கும். ஸ்டியரிங்கைத் தொங்கிக்கொண்டு ஓட்டினால் ஆறாவது லேப்பில் முழங்கை போய்விடும். ஆளுக்கு ஆள் சொந்தச் சீட் ஊற்றிக்கொள்வதுதான் வழி. இரண்டு திரவம் கலந்து பொங்கும் நுரையைவிட சின்ன மணிகளும் ரெசின் என்ற இறுகும் பசையும் சேர்த்து ஊற்றுவது நல்லது. நுரை பொங்கும்போது சூடாகும், எங்கே பொங்குகிறது என்பதும் கையில் இல்லை. மணி முறையில் ஆளைப் பொறுத்து 20 முதல் 30 லிட்டர் மணி, கெட்டியான பையில் போட்டு, ரெசின் ஊற்றிப் பிசைந்து, காருக்குள் வைத்து, முழு உடுப்போடு பெல்ட் கட்டி உட்கார்ந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பெடலில் காலும் ஸ்டியரிங்கில் கையும் ஓட்டும் நிலையிலேயே இருக்கட்டும். சாதாரணமாக நடக்கும் தவறு, ஷூ இல்லாமல் உட்காருவது. அடுத்த நாள் ஷூ போட்டதும் முழங்கால் ஸ்டியரிங் தண்டில் இடிக்கும். இறுகியபின் ஓரத்தை வெட்டி, தீப்பிடிக்காத துணியால் போர்த்த வேண்டும்.

உட்கார்ந்தபின் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் முன், பின் வளையங்களின் (ரோல் ஹூப்) உச்சியை இணைத்து ஒரு நேர்க்கம்பி வையுங்கள். ஹெல்மெட் அதற்குக் கீழே குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உயரமான பெரியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். சீட்டின் அடிப்பகுதியை மெல்லியதாக்கிப் பார்க்கலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் அந்தக் கார் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். சலுகை கூடாது. சாய்ந்து உட்காரும் காருக்கு ஹான்ஸ் கழுத்துக் காப்பும் சாய்வுக்கேற்ற 30 டிகிரி வகையாக இருக்க வேண்டும். சலூன் காரில் போட்ட 20 டிகிரியைக் கொண்டுவந்தால் பின்னால் இடித்து, தலையை முன்னே தள்ளும்.

இறங்கும் சோதனையை எல்லா டிரைவருக்கும் வையுங்கள், மாஸ்டர்ஸுக்குக் கண்டிப்பாக. பெல்ட் கட்டி, ஸ்டியரிங் மாட்டி, ஹெல்மெட்டோடு உட்கார்ந்த நிலையிலிருந்து, உதவியில்லாமல் இரண்டு காலும் தரையில் பட 10 விநாடி. முழங்கால் மடங்காதவர், தோள்பட்டை இறுகியவர் இங்கேயே தெரிந்துவிடுவார். இரண்டு வாய்ப்பு கொடுங்கள். பெரும்பாலும் பிரச்சினை உடம்பில் இருக்காது. கழற்றிய ஸ்டியரிங்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வார்கள். வெளியே எறியச் சொல்லிப் பழக்குங்கள்.

கண். 45-க்கு மேல் அருகிலுள்ளது மங்கும். டாஷில் இருக்கும் சின்ன முள் மீட்டர் தெரியாது, தெரிந்ததாக எல்லாரும் சொல்வார்கள். அதனால் ஆயில் அழுத்தத்துக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் பெரிய சிவப்பு எச்சரிக்கை விளக்கையும், கியர் மாற்ற ஷிப்ட் லைட்டையும் எல்லாக் காருக்கும் அனுமதியுங்கள். ஒரு எஞ்ஜினைக் காப்பாற்றினாலே செலவு வசூலாகிவிடும். புரோகிரஸிவ் கண்ணாடி போட்டு ஓட்டக் கூடாது. அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது; சாய்ந்து உட்கார்ந்து வளைவின் உள்முனையைப் பார்க்கும்போது பார்வை அந்தப் பாதி வழியாகப் போய்த் தரை மங்கும். தூரப்பார்வைக்கு மட்டுமான பாலிகார்பனேட் லென்ஸ், நேரான மெல்லிய காதுக்கம்பி, ஹெல்மெட் போட்டபின் செருகும்படி. மாலைப் பந்தயத்தில் எதிர்வெயில் கூசுகிறது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் விசரைக் குறை சொல்வதற்கு முன் கண்புரை பார்க்க அனுப்புங்கள்.

ஹான்ஸ் போட்டபின் யாருக்குமே கழுத்து முழுதாகத் திரும்பாது, பெரியவர்களுக்கு இன்னும் குறைவு. ஆகவே காரின் பக்கக் கண்ணாடியே பின்பார்வை. டிரைவர் காரில் இருக்க, 10 மீட்டர் பின்னால் இடது, நடு, வலது என்று ஒருவர் எண் பலகையோடு நிற்கட்டும். மூன்றும் வாசிக்கத் தெரிந்தால் சரி. இல்லையென்றால் கண்ணாடியின் தாங்கியை மாற்றுங்கள், குவிந்த வகை போடுங்கள். நீலக் கொடி காட்டியும் வழிவிடவில்லை என்று பையன்கள் கொடுக்கும் புகாரில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும்.

மருத்துவத்தில் டாக்டர் சொல்வதே முடிவு. அமைப்பாளர் செய்ய வேண்டியது அவர் சரியான கேள்வியைக் கேட்கும்படி படிவம் தயாரிப்பது. ஓய்வு ஈசிஜி, உழைப்பு ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண். அதோடு மருந்துப் பட்டியல். இதைத்தான் மறைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்குத் தலையில் சாதாரண அடியே உள்ளே ரத்தக்கசிவாகலாம். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினால் காரில் மயக்கம். பீட்டா பிளாக்கரும், நீர் பிரியும் மாத்திரையும் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். படிவம் இரண்டு பிரதி: முழு விவரம் ஒட்டிய உறையில் டிராக் டாக்டருக்கு மட்டும், அமைப்பாளருக்குத் தகுதி உண்டு அல்லது இல்லை என்ற ஒரே வரி. ஊர்முழுக்கத் தன் சர்க்கரை அளவு தெரியும் என்று பயந்தால் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். இன்னொன்று: இந்தச் சோதனை வயதுக்கானது. 48 வயதுக்காரர் மாஸ்டர்ஸில் சேராமல் பொது வகுப்பில் மட்டும் ஓடினாலும் அவருக்கும் உண்டு. விபத்துக் காப்பீட்டில் உச்ச வயது எவ்வளவு, மோட்டார் பந்தயம் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாலிசியை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் நுழைவுப் படிவத்தை அச்சடிக்க வேண்டும்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் வெயிலில் 15, 20 நிமிடப் பந்தயம் ஆளைச் சாய்ப்பதில்லை. சாய்ப்பது அதற்கு முந்தைய அரைமணி: மூன்று அடுக்கு நோமெக்ஸ் தீத்தடுப்பு உடை போட்டு, பெல்ட் கட்டி, கருப்புத் தாரின்மேல், முந்தைய பந்தயத்தில் கவிழ்ந்த காரை எடுக்கும்வரை காத்திருப்பது. வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறையும், நா வறளும்போது உடம்பு ஏற்கனவே காய்ந்திருக்கும். தாமதம் 5 நிமிடத்தைத் தாண்டினால் டிரைவர்களை இறக்கி நிழலுக்கு அனுப்பும் அதிகாரத்தைக் கிரிட் மார்ஷலுக்குக் கொடுங்கள். குடை, ஐஸ் வெஸ்ட் இரண்டுக்கும் ஐந்து நிமிடப் பலகை வரை அனுமதி. முதல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதை அடுத்த ஓட்டத்துக்குள் உப்புச் சேர்த்த மோரோ உப்புக் கரைசலோ குடித்து ஈடுகட்ட வேண்டும். சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம் என்று உப்புக்குக் கட்டுப்பாடு உள்ளவர் இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மோதல் பயம் இரு பக்கமும் உண்டு. ஒரே வகைக் கார் என்பதால் லேப்புக்கு நான்கைந்து விநாடி வித்தியாசம் இருந்தாலும், நேர்ப்பாதையில் நெருங்கி வரும் வேகம் அதிகமில்லை. ஒரு லேப் முன்னால் இருக்கிறவர் முந்திப்போகும்போது பெரிய ஆபத்து கிடையாது. ஆபத்து முதல் வளைவில், நடுக்கூட்டத்தில். இரண்டு அலையாக ஸ்டார்ட் கொடுக்கலாமா என்றால், 18 காருக்கு அது தேவையில்லை. கிரிட்டைத் தகுதிச் சுற்று நேரப்படியே அமையுங்கள். விரும்புகிற மாஸ்டர்ஸ் டிரைவர் முதல் இரண்டு பந்தயத்துக்குக் கடைசி வரிசையிலிருந்து தொடங்க எழுதிக் கேட்கலாம். எண் பலகையின் பின்னணி நிறத்தை மாஸ்டர்ஸுக்கு மாற்றிவிட்டால், முந்த வருகிறவர் தன் வகுப்பா இல்லையா என்று கண்ணாடியிலேயே தெரியும். தன் வகுப்பு இல்லாதவனோடு மூன்று லேப் மல்லுக்கட்டி, பின்னால் வந்த உண்மையான போட்டியாளருக்கு இடம் கொடுப்பதுதான் கலப்பு வகுப்பில் அதிகம் நடக்கும் முட்டாள்தனம்.

பழைய கார்ப் பந்தயங்களில் 13/13 என்றொரு வழக்கம் இருக்கிறது. மோதலுக்குக் காரணமானவருக்கு 13 மாதம் கண்காணிப்பு. அதற்குள் இன்னொன்று நடந்தால் 13 மாதம் தடை. அவ்வளவு கடுமையாக வேண்டாமென்றாலும், சாயல் நல்லது: ஒரு சீசனில் ஒருவர் மேல் இரண்டாவது மோதல் தீர்ப்பானால் அடுத்த சுற்று கிடையாது. பையன், பெரியவர் இருவருக்கும் ஒரே தராசு. சொந்தக் காசில் காரைப் பழுதுபார்த்து, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் ஓடும் பந்தயத்துக்கு இது அவசியம்.

நேரமும் பணமும் என்று ஆரம்பத்தில் சொன்னேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சனி காலை 20 நிமிடப் பயிற்சி இரண்டு, மாலை தகுதிச் சுற்று, ஞாயிறு இரண்டு பந்தயம். நாலு நாள் இரண்டு நாளாகச் சுருங்கினால் வராமல் போனவர்கள் திரும்ப வருவார்கள். மாஸ்டர்ஸ் வகுப்பைவிட இந்த ஒரு மாற்றம் அதிக ஆளைக் கொண்டுவரும் என்பது என் கணிப்பு. பணத்துக்கு மறுபக்கக் கடிவாளம்: டயர். வசதியுள்ள பெரியவர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுச் செட் போட்டால் வகுப்பு செக்புக் போட்டியாகிவிடும். இரண்டு சுற்றுக்கு ஒரு செட், வெடித்தால் மாற்ற ஓரிரு டயர், எல்லாவற்றுக்கும் எண் குறித்து முத்திரை.

அனுமதி பெற்று நடத்தும் பந்தயத்தில் துணை விதிமுறையில் எழுதாததை டிராக்கில் வந்து சேர்க்க முடியாது. எழுத வேண்டிய பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"போட்டி ஆண்டின் டிசம்பர் 31 அன்று 45 வயது நிறைந்தவர், நுழைவுப் படிவத்தில் குறிப்பிட்டால், மாஸ்டர்ஸ் வகுப்பிலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவார். முந்தைய ஐந்து ஆண்டுகளில் தேசியப் போட்டியின் ஃபார்முலா வகுப்பு எதிலும் ஆண்டு முடிவில் முதல் மூன்று இடம் பெற்றவர் இதற்குத் தகுதியற்றவர். மாஸ்டர்ஸ் காரின் குறைந்தபட்ச எடை, டிரைவரோடு, பொது வகுப்பைவிட 15 கிலோ அதிகம். வேறு எந்தத் தொழில்நுட்ப விலக்கும் இல்லை. நால்வருக்குக் குறைவாக ஸ்டார்ட் எடுத்த பந்தயத்துக்கு மாஸ்டர்ஸ் புள்ளி இல்லை. ஒட்டுமொத்தப் புள்ளிகள் பாதிக்கப்படா. ஒரு சுற்றில் அறிவித்த வகுப்பைச் சீசன் முடியும்வரை மாற்ற இயலாது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எடைக் கூடுதல் இருப்பதால், ஈரமான நாளில் பொது வகுப்பு, காய்ந்த நாளில் மாஸ்டர்ஸ் என்று தாவப் பார்ப்பார்கள்.

டைமிங் ஆளிடம் முன்கூட்டியே சொல்லி, டிரான்ஸ்பாண்டர் (காரில் மாட்டும் நேரம் குறிக்கும் கருவி) பட்டியலில் வகுப்பைக் குறித்து, முடிவுத் தாளில் ஒட்டுமொத்த இடத்துக்குப் பக்கத்தில் வகுப்பு இடம் அச்சாகும்படி செய்யுங்கள். கையால் எழுதினால் ஒருநாள் தப்பாகும். கோப்பையை அதே மேடையில், அதே பத்து நிமிடத்தில், பையன்கள் நிற்கும்போதே கொடுங்கள். இரவு விருந்தில் தனியாகக் கொடுத்தால் ஒரே வாரத்தில் 'தாத்தா கோப்பை' என்று பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் பிறகு போகாது.

முதல் சீசனைச் சோதனை என்று அறிவியுங்கள்; நடுவில் எந்த விதியையும் தொடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மாஸ்டர்ஸில் எத்தனை பேர், அவர்களின் எடை, மோதல் எத்தனை, வகுப்பில் முதல் இருவருக்குமிடையே எத்தனை விநாடி என்று நான்கே கட்டத்தில் குறித்துவையுங்கள். நான்கு சுற்றிலும் முதல் இருவர் இடைவெளி 20 விநாடிக்கு மேல் என்றால் வயதுக் கோட்டையும் தகுதி விதியையும் திரும்பப் பார்க்க வேண்டும். எடைத் தராசில் பாதிப் பேர் 530-ஐ விட 10 கிலோ அதிகமாக வந்தால் கூடுதலை 15-லிருந்து 20 ஆக்கலாம். அடுத்த ஆண்டு விதியை டிசம்பருக்குள் வெளியிட்டுவிடுங்கள். கார் வாங்குகிறவரும் வாடகை பேசுகிறவரும் ஜனவரியில்தான் முடிவெடுப்பார்கள்.